பார்த்து எழுதுவதில் திறமை என்று ஏதாவது இருக்கிறதா?

நிச்சயமாக இருக்கிறது. ஓலைச்சுவடி படிக்கப் பழகியதிலிருந்து, ஏடு பெயர்த்து எழுதியவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

நம் ஊர் ஈரத்துக்கும் பூச்சிக்கும் ஒரு பனையோலை சில நூறு ஆண்டுகள் தாங்கினாலே அதிகம். சங்கப் பாட்டுகளுக்கோ ஏறத்தாழ 2000 வயது. ஓலை நொறுங்குவதற்குள் யாரோ ஒருவர் எழுத்தாணியோடு உட்கார்ந்து புது ஓலைக்கு மாற்றிக்கொண்டே வந்ததால்தான் அவை நம் கைக்கு வந்தன.

லேசான வேலையா அது? பழைய ஓலைகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவம். அதனால் கொ, கோ, கெர, கேர எல்லாம் கண்ணுக்கு ஒன்றுதான். பாட்டும் அடி பிரிக்காமல் உரைநடை போல ஓடும்.

எழுத்து மட்டும் தெரிந்தவர் எழுதினால் வடிவம் மாறிப்போகும். ஆனால் சீர் தட்டுவதால் அந்தப் பிழையைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். எனக்குப் பயமெல்லாம் கொஞ்சம் படித்தவரிடம்தான். பழஞ்சொல் ஒன்று புரியவில்லை என்றால், தனக்குத் தெரிந்த சொல்லை அங்கே போட்டுத் 'திருத்தி'விடுவார். யாப்பும் சரியாக இருக்கும், பொருளும் வரும், யாருக்கும் சந்தேகம் வராது. 'எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்' என்று பழமொழியே இருக்கிறது.

உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சிட்டபோது 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. வேறு சில பாட்டுகளில் அடிகள் சிதைந்திருந்தன. அவருடைய புலமைக்கு அந்த இடங்களை இட்டு நிரப்புவது பெரிய காரியமே இல்லை. அவர் செய்யவில்லை, இல்லாததை இல்லாததாகவே விட்டார். இந்தக் கட்டுப்பாட்டைத்தான் நான் திறமை என்கிறேன்.

தேர்வில் பக்கத்து மாணவனைப் பார்த்து எழுதுவதை இதோடு சேர்க்க முடியாது. அங்கே யாருடையது என்பதை மறைக்கிறார்கள். ஏடு எழுதியவர்களில் பலர் நூலைப் பாடிய புலவர் பெயரை அப்படியே வைத்து, கடைசி ஓலையில் தன் பெயரையும் எழுதி முடித்த நாளையும் தனியாகக் குறித்திருப்பார்கள்.

வாய்ப்புக் கிடைத்தால் ஐயர் பதிப்பின் அடிக்குறிப்புகளில் உள்ள பாடபேதங்களைப் பாருங்கள். ஒரே சொல்லை வேறு வேறு கைகள் எப்படி எழுதியிருக்கின்றன என்பது அங்கே தெரியும்.