லாரி ஓட்ட முடியாமல் போனால் சம்பளம் எங்கிருந்து வரும்?

கேள்வி: சாட்ஸ்வொர்த்தில் குடியிருக்கிறோம். கணவருக்கு 46 வயது. டர்பன் துறைமுகத்திலிருந்து ஜோஹன்னஸ்பர்க்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். மாதச் சம்பளம் 24,000 ராண்ட். அதில் வீட்டு பாண்டுக்கே, அதாவது வீட்டுக் கடன் தவணைக்கே, 8,000 போய்விடுகிறது. இரண்டு வருடமாக அவருக்குச் சர்க்கரை. கம்பெனியில் இயலாமைக் காப்பீடு இருக்கிறது என்கிறார். ஆனால் ஏஜென்ட் ஒருவர், இன்னொரு பாலிசி கட்டாயம் வேண்டும் என்கிறார். வேண்டுமா?

பதில்: சகோதரி, ஏஜென்ட் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடும் முன், கம்பெனியில் அந்தக் காப்பீட்டின் விதிகளை எழுத்தில் வாங்குங்கள். அதில் 'இயலாமை' என்பதற்கு என்ன விளக்கம் தந்திருக்கிறார்கள் என்று தேடிப் படியுங்கள். உங்கள் வீட்டு நிலைமைக்கு அந்த ஒரு வரிதான் முக்கியம்.

கனரக வண்டி ஓட்டுகிறவர்கள் தொழில்முறை பர்மிட்டை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை டாக்டர் சான்றிதழோடு புதுப்பிக்க வேண்டும். சர்க்கரை கண்ணைத் தாக்கினால் பர்மிட் கிடைக்காமல் போகலாம். ஆனாலும் உங்கள் வீட்டுக்காரர் நடமாடுவார், கம்பெனி கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் குறிக்கிற வேலையும் பார்க்க முடியும். 'தன் சொந்தத் தொழிலைச் செய்ய முடியாத நிலை' என்று விதியில் இருந்தால் அவர் பணம் கேட்க வழி உண்டு. 'அனுபவத்துக்கு ஏற்ற எந்த வேலையும் செய்ய முடியாத நிலை' என்று இருந்தால், கேட் வேலை பார்க்கலாமே என்று கையை விரித்துவிடுவார்கள். முதல் இரண்டு வருடம் சொந்தத் தொழில், பிறகு எந்தத் தொழிலும் என்று மாறுகிற திட்டங்களும் உண்டு. பர்மிட் போனாலே இயலாமை ஆகிவிடுமா என்பதையும் எழுத்திலேயே கேளுங்கள், வாய்ப்பேச்சு நிற்காது.

அடுத்தது இடைக்காலம். வாரம் ஐந்து நாள் வேலை என்றால், சட்டப்படி மூன்று வருடத்துக்குச் சம்பளத்தோடு 30 நாள் நோய் விடுப்புதான். அது ஆறு வாரம். பாலிசிப் பணம் வரத் தொடங்கும் முன் காத்திருப்புக் காலம் மூன்று மாதம் என்று வையுங்கள்: நடுவில் சுமார் ஒன்றரை மாதம் வெறுங்கை. யூ.ஐ.எஃப். என்கிற அரசின் வேலையின்மைக் காப்பீட்டு நிதியின் நோய்க்காலப் பணம் அவர் சம்பளத்துக்கு மாதம் சுமார் 6,700 ராண்ட் வரும், பாண்டுக்கே போதாது. 1993-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் சம்பளத்தில் 75 சதவீதம் தரும். ஆனால் அது வேலையில் நேரும் விபத்துக்கும் வேலையால் வரும் நோய்க்கும்தான். வீட்டில் பக்கவாதம் வந்தால் அந்தக் கதவு திறக்காது. அரசின் ஊனமுற்றோர் உதவித்தொகையோ 2025-இல் மாதம் சுமார் 2,300 ராண்ட், அதுவும் வருமானச் சோதனைக்குப் பிறகு.

இனி ஏஜென்ட் சொல்வதற்கு வருவோம். கம்பெனித் திட்டம் சம்பளத்தில் 75 சதவீதம், அதாவது 18,000 தருகிறது என்றால், மாத வருமானம் தரும் இன்னொரு பாலிசியால் பெரும்பாலும் பயனில்லை. இரண்டையும் கூட்டிப் பார்த்து, வருமானத்துக்கு மேல் போகாதபடி குறைத்துக்கொள்வார்கள். கட்டும் பிரீமியத்தால் வரி மிச்சம் என்று சொன்னாலும் நம்பாதீர்கள். அந்தச் சலுகை 2015 மார்ச்சோடு போயிற்று. அதற்குப் பதிலாக, வரும் பணத்துக்கு இப்போது வரி இல்லை. உங்களுக்குப் பொருந்துவது பாண்டை ஒரே தடவையில் அடைக்கிற மொத்தத் தொகைக் காப்பீடு. அதையும் பாண்டோடு ஏற்கெனவே சேர்த்து எடுத்திருக்கிறீர்களா என்று வங்கியில் கேட்டுவிட்டு வாங்குங்கள். நம் வீடுகளில் ஈமச்சடங்குச் செலவுக்கான ஃபியூனரல் பாலிசி இரண்டு மூன்று இருக்கும். உயிரோடு இருந்து சம்பாதிக்க முடியாத நாளுக்கு ஒன்றும் இருக்காது!

புது விண்ணப்பத்தில் சர்க்கரையை மறைக்காதீர்கள். பிரீமியம் கூடலாம், சர்க்கரையால் வரும் பாதிப்பை விலக்கியும் வைக்கலாம். மறைத்தாலோ, பணம் கேட்கும் நாளில் பழைய மருத்துவச் சீட்டுகளைப் புரட்டி மொத்தத்தையும் மறுக்க இடம் கிடைக்கும். கம்பெனிக் குழுக் காப்பீட்டில் ஒரு வரம்பு வரை மருத்துவச் சோதனை கேட்காமலே சேர்ப்பது வழக்கம். ஆகவே அவர் வேலை மாற நினைத்தால், புது இடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் ராஜினாமா கடிதம் கொடுக்க வேண்டாம். வேலையை விட்டதும் அந்தக் காப்பீடும் நின்றுவிடும்.