கரையாத கல்லும் கரையும் பசளையும்: கல்சியம் பொஸ்பேற்றுக் கேள்வி பதில்

வட்டக்கச்சி, நெற்செய்கையாளர்: மாஸ்டர், எப்பாவலப் பொஸ்பேற்றுப் பாறைத்தூளும் ரீ.எஸ்.பி. (முச்சுப்பர் பொஸ்பேற்று) பசளையும் ஒரே சாமான்தானே? பெரும்போகத்துக்கு எப்பாவலையையே அடிக்கட்டுப் பசளையாப் போட்டால் என்ன?

போடலாம், ஆனால் அந்தப் போக நெல்லுக்கு அதிலிருந்து பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அனுராதபுர மாவட்டத்து எப்பாவலையில் 1971இல் கண்டறியப்பட்டது அப்பற்றைற்று என்ற கல்சியம் பொஸ்பேற்றுக் கனிமம் உள்ள பாறை. அதன் பளிங்கில் கல்சியமும் பொஸ்பேற்றும் இறுகிக் கிடக்கின்றன; வெறும் தண்ணீர் அதை அசைக்காது. அமிலம்தான் அசைக்கும். மலைநாட்டுத் தேயிலை மண் புளித்த மண், அங்கே அது வருடக்கணக்கில் மெல்ல மெல்லக் கரைந்து கொடுக்கும். எங்கள் வயல் மண் பெரும்பாலும் நடுநிலைக்குக் கிட்ட. மூன்றரை மாத நெல் அவ்வளவு காலம் காத்திருக்காது.

ரீ.எஸ்.பி. என்பது பொஸ்பேற்றுப் பாறையைத் தொழிற்சாலையிலேயே பொஸ்போரிக்கமிலத்தால் உடைத்து எடுத்தது. ஒரு லீற்றர் தண்ணீரில் ஏறத்தாழ 20 கிராம் வரை கரையும்.

மல்லாவி, உயர்தர மாணவி: சேர், ஒரே கல்சியம், ஒரே பொஸ்பேற்று. கரைதிறன் மட்டும் ஏன் இவ்வளவு மாறுது?

நல்ல கேள்வி பிள்ளை. கல்சியத்துக்கும் பொஸ்பரசுக்கும் உள்ள மூல் விகிதத்தை, அதாவது ஒரு பொஸ்பரசு அணுவுக்கு எத்தனை கல்சியம் அணு என்பதைப் பார். ரீ.எஸ்.பி.யில் உள்ள ஒருகல்சியம் பொஸ்பேற்றில் 0.5, இருகல்சியத்தில் 1, முக்கல்சியத்தில் 1.5, எலும்பில் உள்ள ஐதரொட்சி அப்பற்றைற்றில் 1.67. பொஸ்பேற்றில் ஐதரசன் குறையக் குறைய அந்த இடத்தைக் கல்சியம் பிடிக்கிறது, கரைதிறனும் இறங்குகிறது. இந்த நாலு எண்ணையும் மனத்தில் வைத்திரு, மிச்சம் தானாக விளங்கும்.

அமிலம் அப்பற்றைற்றைக் கரைப்பதை வீட்டிலேயே செய்து பார்க்க ஒன்று: கோழிக் கால் எலும்பைச் சில நாள் வினாகிரியில் ஊறவிடு. கனிப்பொருள் கரைந்துபோய் எலும்பு றப்பர் மாதிரி வளையும். இன்னொன்றை அடுப்பில் நன்றாகச் சுடு. புரதம் எரிந்துபோய் அந்தக் கனிப்பொருள் வெள்ளையாக, தொட்டால் நொறுங்குவதாக மிஞ்சும்.

செட்டிகுளம், ஒரு தாய்: ஐயா, குழாய்க்கிணற்றுத் தண்ணி. கேத்திலில வெள்ளையாப் படியுது, பிள்ளையின்ர பல்லிலயும் மண்ணிறப் புள்ளி. ரெண்டும் ஒன்றா?

இல்லைத் தங்கச்சி. கேத்திலில் படிவது பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. வினாகிரி விட்டால் நுரைத்துப் போய்விடும். அதற்குப் பயப்பட வேண்டாம்.

பல்லைத்தான் கவனிக்க வேணும். பல் மிளிரியும் (பல்லின் மேலுள்ள கடின வெள்ளைப் படை, எனாமல்) அப்பற்றைற்றுத்தான். அதிலுள்ள ஐதரொட்சில் இருக்கும் இடத்தில் புளோரைட்டு போய் உட்காரும். அளவாக உட்கார்ந்தால் நல்லது: சாதாரண மிளிரி பீ.எச். (இந்த எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5.5 அளவிலேயே கரையத் தொடங்கும், புளோர் அப்பற்றைற்று 4.5 வரை தாங்கும். ஆனால் முரசுக்குள் பல் உருவாகும் வயதில் புளோரைட்டு அளவுக்கு மிஞ்சினால் மிளிரி சரியாக முற்றாது; வெள்ளைத் திட்டும் மண்ணிறமும் விழும். மண்ணிறத்துக்கு வேறு காரணமும் இருக்கலாம், பல் வைத்தியரிடம் ஒருக்கால் காட்டுங்கோ.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுங்கோ. கொதிக்க வைத்தால் புளோரைட்டு போகாது, வற்ற வற்றச் செறிவுதான் கூடும். முடிவு வரும்வரை சின்னப் பிள்ளைகளுக்குக் குடிக்கவும் சமைக்கவும் சுத்தமாகப் பிடித்த மழைநீர் நல்லது.

ஒட்டுசுட்டான், கோழி வளர்ப்பவர்: தீனுக்குச் சிப்பித்தூள் போடுறன். டீ.சீ.பி.யும் (இருகல்சியம் பொஸ்பேற்று) வேணுமே?

வேணும் தம்பி. சிப்பியில் கல்சியம் இருக்கு, பொஸ்பரசு இல்லை. டீ.சீ.பி. கோழியின் இரைப்பை அமிலத்தில் கரைந்து இரண்டையும் கொடுக்கும். அதற்குப் பதிலாகப் பசளைக்கு விற்கிற பாறைத்தூளைத் தீனில் கலக்கவே வேண்டாம், அதில் புளோரைட்டு இருக்கிறது.