செர்ரி ஜாம் வரும் இடத்தை மறுபடி படியுங்கள்

தஸ்தயேவ்ஸ்கியின் 'கரமசோவ் சகோதரர்கள்' நாவலைப் படிப்பது பாதியிலேயே நிற்கிறது, குழந்தைகள் படும் துன்பத்தைப் பற்றி அண்ணன் இவான் கேட்டதற்குத் தம்பி அல்யோஷா பதிலே சொல்லாமல் முத்தம் கொடுத்து நழுவிவிட்டான் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் முதல் வாசிப்பில் அதே எரிச்சல்தான்.

இருவரும் பேசும் அந்தச் சாப்பாட்டுக் கடைக் காட்சிக்கு ஒருமுறை திரும்பிப் போங்கள். மாதக்கணக்கில் ஒரே ஊரில் இருந்தும் அண்ணனும் தம்பியும் மனம்விட்டுப் பேசியதில்லை. உட்கார்ந்ததும் இவான் மீன் சூப்பும் தேநீரும் சொல்கிறான், கூடவே செர்ரி ஜாம். சின்ன வயதில் உனக்குப் பிடிக்குமே என்கிறான். கடவுளின் உலகத்தையே ஏற்க மாட்டேன் என்பவன் தம்பியின் ஜாமை மறக்கவில்லை! எனக்கு அவனுடைய வாதங்களைவிட இந்த ஜாம்தான் பெரிதாகப் படுகிறது. பேச ஆளில்லாமல் தவித்தவன் அவன்.

அல்யோஷாவும் நீங்கள் நினைக்கிற அளவுக்கு உறுதியானவன் இல்லை. சற்று முன்புதான் தன்னைக் காதலிக்கும் லீஸிடம், "எனக்குக் கடவுள் நம்பிக்கையே இல்லையோ என்னவோ" என்கிறான். சிறுவனை நாய்களை விட்டுக் குதறவைத்த ஜெனரலை என்ன செய்யலாம் என்று இவான் கேட்டதும், சுடவேண்டும் என்று அல்யோஷாவின் வாயிலிருந்தே வருகிறது. அது பதில் இல்லையா?

இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால், அல்யோஷாவின் குருவான துறவி ஸோசிமா இறந்து அவர் உடல் நாற்றமெடுக்கும் பகுதி வரும். அங்கே அல்யோஷா யாருடைய சொற்களைப் பேசுகிறான் என்று கவனியுங்கள். அதுவரை புத்தகத்தை மூடாதீர்கள். அப்புறமும் எரிச்சலாக இருந்தால் இங்கேயே வந்து திட்டுங்கள்.