செவ்வாய்க்கிழமை ராத்திரி யாருக்குச் சமைக்கிறார்கள்?

அன்புள்ள ஐயா,

புதுச்சேரியில் புதிதாகத் திறக்கும் உணவகங்களுக்கு உள்ளூர்க்காரர்களும் போய் உட்கார வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். நான் லாசுப்பேட்டையில் இருக்கிறேன். அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். போன மாதம் பெங்களூரிலிருந்து வந்த மகளும் மாப்பிள்ளையும் சனிக்கிழமை ராத்திரி என்னை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், பழைய பிரெஞ்சுக்காரர் பகுதியில் ஒரு புது இடத்துக்கு அழைத்துப் போனார்கள். உணவகமும் ஒயின் பாரும் சேர்ந்தது. பார் என்று பெயர் போட்ட இடத்தில் நான் கால் வைத்தது அதுதான் முதல் முறை.

முக்கால் மணி நேரம் வாசலில் நின்றோம். உள்ளே பாட்டுச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. நம் வீட்டு மீன் குழம்பை உறைப்பே இல்லாமல் தேங்காய்ப்பாலில் கரைத்து, சின்னக் கிண்ணத்தில் ஊற்றி 680 ரூபாய் போட்டிருந்தார்கள். மகள் வற்புறுத்தியதால் ஒரு கோப்பை ரெட் ஒயின் குடித்துப் பார்த்தேன். புளித்துப்போன திராட்சைத் தண்ணீர். வெதுவெதுப்பாக வேறு இருந்தது. மூன்று பேருக்கு ஐயாயிரத்துக்கு மேல் ஆனது. அதில் சர்வீஸ் சார்ஜ் பத்து சதவீதம். மாப்பிள்ளை எதிரில் என்ன கேட்பது?

இது டூரிஸ்ட்டுகளுக்கு நடத்துகிற கூத்து. இதில் எங்களைப் போன்றவர்கள் போய் என்ன ஆகப்போகிறது? நிஜமாகத்தான் கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகி)

அன்புள்ள டீச்சர்,

உங்கள் குறைகளில் ஒன்றைக்கூட நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் கடிதத்தில் நான் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டது ‘சனிக்கிழமை ராத்திரி’ என்ற இடத்தில்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் ஈசிஆரிலும் திண்டிவனம் சாலையிலும் கார்கள் வர ஆரம்பிக்கின்றன. ஞாயிறு மதியத்துக்கு மேல் திரும்பிப் போகின்றன. நடுவில் இருக்கிற இரண்டு ராத்திரிகளில் உணவகம் வாரம் முழுவதற்குமான காசைப் பார்த்தாக வேண்டும். தூண் வைத்த பழைய வீட்டுக்கு வாடகை, ஏசி, பதினைந்து பேருக்குச் சம்பளம் எல்லாம் திங்கள் முதல் வியாழன் வரைக்கும் ஓடிக்கொண்டுதானே இருக்கும்? அந்த இரண்டு ராத்திரி வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் மறுபடி எப்போது வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அநேகமாக வரமாட்டார்கள்.

திரும்பி வராதவருக்குச் சமைக்கும்போது சமையல்காரரின் கை தானாகவே மாறிவிடும். காரம் அதிகம் என்று ஒருவர் ரிவியூ எழுதிவிட்டால் கடைக்கு ஆபத்து. காரம் போதவில்லை என்று எவரும் ஸ்டாரைக் குறைப்பதில்லை. அதனால் மிளகாயைக் குறைத்து, புளியைக் குறைத்து, தேங்காய்ப்பாலை ஊற்றி எல்லார் நாக்குக்கும் பொதுவாக ஒன்றைச் செய்துவிடுகிறார்கள். உங்கள் கிண்ணத்தில் வந்தது அதுதான்.

எங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்து மெஸ்ஸில் கலெக்டர் ஆபீஸ்காரர்களும் கோர்ட்டுக்கு வருகிற வக்கீல்களும் தினமும் சாப்பிடுகிறார்கள். திங்கள்கிழமை ரசம் தண்ணியாக இருந்தால் செவ்வாய்க்கிழமை இலை போடும்போதே கேட்டுவிடுவார்கள். மெஸ்காரர் தப்பிக்க வழியில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் புது இடங்களுக்கு அப்படிக் கேட்கிற ஆள் இல்லை. அந்த ஆளாக நீங்கள் போய் உட்கார வேண்டும் என்றுதான் எழுதினேன். போக வேண்டியது செவ்வாய்க்கிழமை. புதன் என்றாலும் சரி.

680 ரூபாயைக் கொள்ளை என்று நான் சொல்லமாட்டேன். மெனு விலையில் மூன்றில் ஒரு பங்குதான் மளிகை, மீன், காய்கறி என்பது இந்தத் தொழிலின் பொதுக்கணக்கு. மிச்சம் வாடகைக்கும் ஆள் கூலிக்கும் கரண்டுக்கும் போகிறது. 680 கொடுத்த பிறகு உறைப்பு எங்கே என்று கேட்காமல் எழுந்து வந்தீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு உங்கள் மேல் வருத்தம். முப்பது பிள்ளைகளை அதட்டி உட்காரவைத்தவர் நீங்கள்.

அடுத்து ஒயின். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அன்றைக்கு உங்களுக்குக் கிடைத்தது ஒயினின் சுவையே கிடையாது.

ஒரு புட்டி 750 மில்லி. கோப்பைக்கு 150 மில்லி ஊற்றினால் ஐந்து கோப்பை வரும். முதல் கோப்பையை விற்ற காசிலேயே புட்டியின் கொள்முதல் விலை கிடைத்துவிடுகிற மாதிரி விலை வைப்பது பல இடங்களில் வழக்கம். திறந்த புட்டி காற்றுப் பட்டுக் கெட ஆரம்பிக்கும். மூடி, ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். ரெட் ஒயினையும் அப்படித்தான் வைக்க வேண்டும். பார் மேடையில் விளக்கு வெளிச்சத்தில் நிற்க வைத்தால் அதுவும் கிடையாது. செவ்வாய்க்கிழமை யாரோ ஒரே ஒருவருக்காகத் திறந்த புட்டி, புதன், வியாழன் கேட்பாரில்லாமல் நின்று, சனிக்கிழமை உங்கள் கோப்பைக்கு வந்திருக்கலாம். வாரநாளில் ஆள் வராத இடத்தில் வாரக்கடைசிக்காரரும் கெட்டதைத்தான் குடிக்கிறார்.

ஆகவே கோப்பைக் கணக்கில் வாங்கும்போது, “இது எப்போது திறந்தது?” என்று கேளுங்கள். நல்ல இடமாக இருந்தால் புட்டியைக் காட்டுவார்கள், பல இடங்களில் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி வைத்திருப்பார்கள். பதில் மழுப்பலாக வந்தால் புதிதாகத் திறக்கச் சொல்லலாம். முதலில் கொஞ்சம் ஊற்றி நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்பார்களே, அது நமக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்காக இல்லை. ஒயின் கெட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். முகர்ந்து பாருங்கள். காடி வாடையோ, நறுக்கி வைத்துப் பழுப்பேறின ஆப்பிள் வாடையோ, நனைந்த அட்டைப்பெட்டி வாடையோ வந்தால் திருப்பிக் கொடுக்கலாம். இதற்கு ஒயின் படிப்பு எதுவும் வேண்டாம். மோர் கெட்டுப்போனதைக் கண்டுபிடிக்கிற மூக்கு போதும்.

வெதுவெதுப்புக்கும் காரணம் இருக்கிறது. ரெட் ஒயினை அறை வெப்பத்தில் தர வேண்டும் என்று ஐரோப்பாக்காரர்கள் சொன்னது அவர்களுடைய பழைய வீட்டு அறையை வைத்து. 16 முதல் 18 டிகிரி வரை இருக்கும். நம் ஊர் அறை 32 டிகிரி. பத்துப் பதினைந்து நிமிஷம் ஐஸ் வாளியில் வைத்துத் தாருங்கள் என்று ரெட் ஒயினுக்கும் கேட்கலாம், அது பட்டிக்காட்டுத்தனம் ஆகாது. பரிமாறுகிறவர் ஒரு மாதிரி பார்த்தால் அவருக்குத்தான் தெரியவில்லை.

இன்னொன்று, மீன் குழம்போடு ரெட் ஒயின் ஒத்துப்போகாது. அதன் துவர்ப்பு மிளகாய் எரிச்சலை இன்னும் கிளப்பிவிடும். மீனோடு சேர்ந்தால் சில நேரம் வாயில் இரும்புச் சுவை தட்டும். நாசிக் பக்கம் செனின் பிளாங் என்ற திராட்சையில் லேசான இனிப்போடு ஒரு வெள்ளை ஒயின் செய்கிறார்கள். நன்றாகக் குளிரவைத்து, புளியும் காரமும் இருக்கிற எதனோடும் குடிக்கலாம். இறக்குமதி ஒயினைவிட விலையும் குறைவு. இறக்குமதிக்கு நெடுங்காலமாக 150 சதவீதம் சுங்கவரி போட்டு வைத்திருந்தார்கள், ஆறாயிரம் ரூபாய்ப் புட்டியைப் பார்த்து மயங்குவதற்கு முன்னால் அது ஞாபகம் இருக்கட்டும். வேண்டாம் என்றால் எலுமிச்சை சோடா வாங்கிக்கொண்டு உட்காருங்கள், யாரும் எழுந்து போகச் சொல்லமாட்டார்கள். ஒயின் பாரில் ஒயின் குடித்தாக வேண்டும் என்று சட்டமில்லை.

பார் என்ற சொல்லைப் பார்த்து நீங்கள் தயங்கியது புரிகிறது. ஆனால் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த சொல்தா குடும்பங்களில் ஞாயிறு மதியச் சாப்பாட்டு மேசையில் ஒயின் புட்டி இருப்பது உங்கள் ஊரில் பழைய விஷயம். அதைவிடப் பழையது உங்கள் ஊருக்குப் பக்கத்துப் பழைய துறைமுகமான அரிக்கமேடு. தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் 1945இல் அங்கே தோண்டியபோது மத்தியதரைக்கடல் பக்கத்து மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. இதை ஒயின் பட்டியலின் முதல் பக்கத்தில் அச்சடித்து, இரண்டாயிரம் வருஷப் பாரம்பரியம் என்று கடைக்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்வார்கள். அந்தச் சாடியில் இருந்ததை இந்த ஊர்க்காரன் குடித்தானா, இங்கே வந்து தங்கியிருந்த யவன வியாபாரிக்காகவே வந்ததா என்று ஆராய்ச்சியாளர்களே விவாதித்திருக்கிறார்கள். வெளியூர்க்காரருக்காகவா நமக்காகவா என்ற உங்கள் கேள்வி அப்போதே இருந்திருக்கிறது!

மீன் விஷயத்தில் நான் உங்களுக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை. ‘கேட்ச் ஆஃப் த டே’ என்று மெனுவில் இருந்தால் என்ன மீன், எங்கே வாங்கினது என்று கேட்டால் போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. அந்தச் சமயத்தில் பெரிய வஞ்சிரத்துண்டு ‘இன்றைக்குப் பிடித்தது’ என்று வந்தால், மேற்குக் கரையிலிருந்து ஐஸில் வந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஃபைபர் படகில் கரையோரம் போய்ப் பிடித்து வருகிற சங்கராவும் நெத்திலியும் கிழங்கானும் அப்போதும் மார்க்கெட்டில் கிடைக்கும். அதைச் சமைக்கிற புது உணவகம் ஒன்றைப் பார்த்தால் எனக்கு எழுதுங்கள், நானே பஸ் ஏறி வருகிறேன்.

மெனுவில் ‘வடுவான்’ என்று இருந்தால் தைரியமாக வாங்குங்கள். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம் சேர்த்து இடித்து உருட்டி வெயிலில் காயவைப்போமே, அதே வடகம்தான், பிரான்சுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறது. வெண்ணெயில் அதைப் பொரித்து மீன் மேல் ஊற்றித் தருகிறார்கள். சரியாகச் செய்தால் பிரமாதமாக இருக்கும். சரியாகச் செய்திருக்கிறார்களா என்று சொல்ல பெங்களூர்க்காரரால் முடியாது. உங்களால் முடியும்.

சர்வீஸ் சார்ஜ் பற்றி மாப்பிள்ளைக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அதைக் கேட்காமல் பில்லில் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொல்லிவிட்டது. உணவகச் சங்கங்கள் நீதிமன்றம் போயின. 2025 மார்ச் 28 அன்று தில்லி உயர்நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. “இதை எடுத்துவிடுங்கள்” என்று சொன்னால் எடுக்க வேண்டும். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. சாப்பாட்டுக்கான 5 சதவீத ஜிஎஸ்டி வேறு, அதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஒயினுக்கு ஜிஎஸ்டி கிடையாது, வாட் வரி தனியாக வரும். பரிமாறிய பையனுக்கு ஏதாவது கொடுக்க நினைத்தால் அவன் கையில் கொடுங்கள்.

நான் கடலூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதால் ஏழு மணிக்கே போய் உட்கார்ந்துவிடுகிறவன். அதில் ஒரு லாபமும் உண்டு. அந்த நேரத்தில் பாட்டுச் சத்தம் குறைவாக இருக்கும், சமையல்காரர் வெளியே வந்து பேசக்கூட நேரம் இருக்கும். அவரிடம், “எனக்கு நீங்கள் வீட்டில் சாப்பிடுகிற உறைப்பில் கொடுங்கள்” என்று சொல்லிப் பாருங்கள். இந்த அடுக்களைகளில் வேலை செய்கிறவர்களில் வில்லியனூர், பாகூர், கடலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் குழம்பு வைக்கத் தெரியாமல் இல்லை. வைக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை.

மகளை அடுத்த முறை லீவை வாரத்தின் நடுவில் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். அதே இடத்துக்குப் போங்கள், உறைப்பைப் பற்றியும் ஒயினைப் பற்றியும் அவர்களிடமே சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து இன்னொரு செவ்வாய்க்கிழமை போனால் காதில் வாங்கினார்களா இல்லையா என்று தெரிந்துவிடும். வாங்கவில்லை என்றால் கடையின் பெயரோடு எழுதுங்கள். இங்கே போடுகிறேனா இல்லையா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்.