வானம் தெளிவு, காற்றும் இல்லை. அப்புறம் ஏன் கடலில் இறங்காதே என்கிறார்கள்?

கேள்வி கேட்டவர் பொழியூரில் உறவினர் வீட்டுக்கு வந்திருக்கிறார். போனில் காற்றின் வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர் என்றுதான் இருந்ததாம். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஆனாலும் அன்று ஒரு வள்ளமும் (சிறிய மீன்பிடிப் படகு) இறங்கவில்லை, கரைக்கே போக வேண்டாம் என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கடல் வானிலை அறிவிப்பை எப்படிப் படிப்பது என்று கேட்கிறார்.

நான் அவர் போயிருந்த ஊருக்கு இந்தப் பக்கத்துக்காரன். தமிழ்நாட்டின் கடைசிக் கடற்கரை ஊர் நீரோடி. அதைத் தாண்டினால் பொழியூர், கேரளம். அறிவிப்புகளிலும் இந்த எல்லை அப்படியே வரும். திருவனந்தபுரம் மாவட்டத்துக்குக் 'காப்பில் முதல் பொழியூர் வரை' என்பார்கள், கன்னியாகுமரி மாவட்டத்துக்கு 'நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை' என்பார்கள். ஒரே அலைதான், இரண்டு மொழியில் வருகிறது. நாங்கள் இரண்டையும் கேட்போம்.

போன் காட்டியது பொய் இல்லை. நீங்கள் நிற்கும் இடத்துக் காற்றை அது சொன்னது. ஆனால் நம் கரைக்கு வரும் அலையை நம் ஊர்க் காற்றுதான் கிளப்ப வேண்டும் என்று இல்லை. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், நிலநடுக்கோட்டுக்கு நாலாயிரம் ஐயாயிரம் கிலோமீட்டர் தெற்கே, பெரும் புயற்காற்றுகள் வீசும். அவை கிளப்பும் அலை காற்றை விட்டுப் பிரிந்து தனியாக வடக்கே நடந்து வரும். அப்படி வரும் நெடிய அலை ஒரு நாளில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வருகிறது என்றால், அங்கே திங்கட்கிழமை அடித்த காற்று இங்கே வெள்ளி, சனியில் கரையேறும். வழியில் தடுக்க நிலமே கிடையாது. இங்கே அன்று வெயிலாக இருக்கும்.

இதைத்தான் எங்கள் கரையில் கள்ளக்கடல் என்கிறோம். சத்தமில்லாமல் திருடனைப் போல வருவதால் அந்தப் பெயர். மீனவர்கள் வைத்த இந்தப் பெயரை 2012இல் யுனெஸ்கோவும் ஏற்றுக்கொண்டது. விஞ்ஞானிகள் இன்று அறிக்கைகளில் இதே சொல்லைத்தான் எழுதுகிறார்கள். எனக்கு அதில் பெருமை உண்டு.

நான் பள்ளியில் படிக்கும்போது ஒரு சித்திரை மாதச் சாயங்காலம். கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. அப்பா வலையைக் கீழே வைத்துவிட்டு, "மக்களே, அலை எண்ணு" என்றார். ஓர் அலை உடைந்ததிலிருந்து அடுத்தது உடையும் வரை எண்ணினேன். வழக்கமாக ஏழு, எட்டில் அடுத்தது வந்துவிடும். அன்று பதினைந்து தாண்டியது. அப்பா அப்புறம் எதுவும் பேசவில்லை. ஆட்களைக் கூப்பிட்டு வள்ளத்தைத் தென்னை மூடு வரை இழுத்துப் போட்டார். ராத்திரி எங்கள் முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். இழுத்துப் போடாத இரண்டு வள்ளங்கள் ஒன்றோடொன்று மோதிப் பலகை விட்டுப்போயின.

அப்பா எண்ணியதுதான் அறிவிப்பில் 'அலைக்காலம்' என்று வினாடிக் கணக்கில் வருகிறது. நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். ஆழ்கடலில் ஆறு வினாடி அலையின் நீளம் ஐம்பத்தைந்து மீட்டர் சொச்சம். பதினாறு வினாடி அலைக்கு ஏறக்குறைய நானூறு மீட்டர். அவ்வளவு நீண்ட அலை, கரைக்கு வெகு தூரத்திலேயே அடித்தரையை உணர்ந்து, வேகம் குறைந்து, எழும்பத் தொடங்கும். கரையேறும்போது சிறிய அலை போல அடித்துவிட்டு உடனே திரும்பாது, பல வினாடிகள் உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும். வெளிக்கடலில் இருப்பவருக்கு அதே அலை படகை மெல்லத் தூக்கி இறக்கிவிட்டுப் போவது போலத்தான் தெரியும். ஆபத்து எல்லாம் வள்ளம் இறக்கும் இடத்திலும், துறைமுக வாயிலும், மணலில் நிற்பவர் காலடியிலும்தான். 2024 மார்ச் 31 அன்று கேரளக் கரையில் பல ஊர்களில் தண்ணீர் ஏறியது இப்படித்தான். அதே ஆண்டு மே மாதம் கணபதிபுரம் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் போனார்கள். அவர்கள் யாரும் படகேறிப் போனவர்கள் இல்லை, கடற்கரைக்கு வந்தவர்கள். அதனால்தான் உங்களையும் மணலுக்குப் போக விடவில்லை.

அடுத்தது அலை உயரம். 2.5 மீட்டர் என்று போட்டிருந்தால் எல்லா அலையும் அவ்வளவுதான் என்று நினைத்துவிடாதீர்கள். வரும் அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரிதான் அந்த எண். இடையில் ஒன்றிரண்டு அலை அதைப் போல இரண்டு மடங்கு வரை எழும்பக்கூடும். படகைக் கவிழ்ப்பது அந்த ஒன்றுதான்.

காற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'சூறாவளிக்காற்று 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65' என்று வந்தால் புயல் என்று அர்த்தம் இல்லை, ஆனாலும் சிறிய வள்ளம் இறக்கக் கூடாது. எந்தப் பகுதிக்கு என்று பாருங்கள்: குமரிக்கடலா, மன்னார் வளைகுடாவா, லட்சத்தீவா. நிலைத்த காற்று 62 கிலோமீட்டரை எட்டினால்தான் புயல் என்று பெயர் வைப்பார்கள்.

ஒக்கிப் புயலைச் சொல்லாமல் என்னால் இதை முடிக்க முடியாது. 2017 நவம்பர் 29 அன்று இலங்கைக்குத் தென்கிழக்கே தாழ்வு மண்டலமாக இருந்தது, 30ஆம் தேதி காலையில் குமரிக்கடலில் புயலாகி நின்றது. பெரும்பாலும் புயல் என்றால் வங்கக் கடலில் சுற்றி நாகை, கடலூர், ஆந்திரா என்று போய்விடும். எங்கள் வாசலில் வந்து உருவாகும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஆட்கள் தங்கல் தொழிலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்க, போய் ஏற்கெனவே நாட்கணக்காகியிருந்தது. கரையிலிருந்து பேசும் வயர்லெஸ் அவர்கள் இருந்த தூரத்துக்கு எட்டாது. என் தாய்மாமா அந்தப் படகுகளில் ஒன்றில் இருந்தார். திரும்பி வரவில்லை. அவர் அறிவிப்பைக் கேட்டும் போகவில்லை, கேட்காமலும் போகவில்லை; அவர் போன நாளில் அறிவிப்பே இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், 'எச்சரிக்கையை மதிக்காமல் போனார்கள்' என்று இன்றைக்கும் சிலர் எழுதுகிறார்கள்.

2019க்குப் பிறகு ககன் செயற்கைக்கோள் வழியாக நடுக்கடலிலும் அறிவிப்பைப் பெறும் ஜெமினி கருவி வந்திருக்கிறது. பல நாள் தங்கும் படகு ஒவ்வொன்றிலும் அது இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

உங்களுக்கு வேண்டிய அறிவிப்பு ஐதராபாத்தில் இருக்கும் இன்கோய்ஸ் என்ற இந்தியக் கடல் தகவல் மையத்தின் தளத்திலும் சமுத்ரா செயலியிலும் கிடைக்கும். அலை உயரம், அலைக்காலம், திசை, நீரோட்டம் எல்லாம் அதில் இருக்கும். நான் தினமும் மாலை ஆறு மணிக்குப் பார்ப்பேன். தெற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ பதினைந்து வினாடிக்கு மேல் என்று இருந்தால், வானம் எப்படி இருந்தாலும், முதலில் பொழியூரில் இருக்கும் சித்தப்பாவுக்கு ஒரு போன் போடுவேன். அவர் வள்ளம் எப்போதும் தண்ணீருக்கு மிகப் பக்கத்தில்தான் கிடக்கும்.