டெட்ரா வளர்ப்பு: கேள்விகளும் பதில்களும்

டெட்ரா மீன்களைப் பற்றி மட்டும் கேளுங்கள். நியான், கார்டினல், ரம்மி நோஸ், பிளாக் ஸ்கர்ட், எம்பர் எல்லாம் தொட்டியில் வளர்க்கும் சிறு டெட்ரா வகைகள். நோய் பற்றிய கேள்வி என்றால் தொட்டி எத்தனை லிட்டர், தொட்டியை எப்போது வைத்தீர்கள், உள்ளே என்னென்ன மீன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த விவரம் இல்லாமல் மருந்துப் பெயர் சொல்ல மாட்டேன்.

கேள்வி: சார், 60 லிட்டர் தொட்டி. நியான் 3, கார்டினல் 3, ரம்மி நோஸ் 3, பிளாக் ஸ்கர்ட் 2 விடலாம் என்று ஆசை. கலர் கலராக இருக்கும் அல்லவா?

பதில்: இருக்காது. மூன்று மூன்றாக விட்டால் எல்லாம் செடிக்குப் பின்னால் போய் ஒடுங்கும், நிறமும் வெளுத்துவிடும். ஆற்றில் இவை பெருங்கூட்டமாக வாழ்பவை. கூட்டத்தில் இருந்தால் பெரிய மீனால் ஒன்றைக் குறிவைத்துப் பிடிக்க முடியாது. கூட்டம் சிறுத்தால் பயம் கூடும். பயந்த மீன் சரியாகத் தின்னாது. உங்கள் தொட்டிக்கு நியான் மட்டும் 10 அல்லது 12 வாங்குங்கள். ரம்மி நோஸ் ஓயாமல் நீந்தும் மீன், அதற்கு 90 செ.மீ. நீளமாவது வேண்டும். பிளாக் ஸ்கர்ட் இரண்டே இரண்டு இருந்தால் மற்ற மீன்களின் துடுப்பைக் கடிக்கும். எட்டுப் பத்து இருந்தால் அந்தச் சண்டை பெரும்பாலும் அவற்றுக்குள்ளேயே முடிந்துவிடும்.

எதை வாங்கினாலும் தொட்டி சைக்கிள் ஆன பிறகு, அதாவது கழிவின் விஷத்தை மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் பெருகிய பிறகு வாங்குங்கள். இதை இன்னும் பல தடவை சொல்லப் போகிறேன்.

கேள்வி: நியானுக்கும் கார்டினலுக்கும் என்ன வித்தியாசம்? பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கின்றன.

பதில்: சிவப்புப் பட்டையைப் பாருங்கள். நியானுக்கு அது உடலின் நடுவில் தொடங்கி வால் வரை ஓடும். கார்டினலுக்குச் செவுளிலிருந்தே தொடங்கிவிடும். கிரீன் நியான் என்று மூன்றாவது ஒன்று உண்டு, அதில் சிவப்பு மிகக் குறைவு.

நிறத்தைவிட வெப்பநிலை வித்தியாசம்தான் முக்கியம். நியான் மேல் அமேசான் பகுதி மீன்; 22 முதல் 25 டிகிரி அதற்கு இதம். கார்டினல் ரியோ நீக்ரோ, ஒரினோகோ ஆறுகளின் கருநிறத் தண்ணீரில் வாழ்வது. 25 முதல் 28 டிகிரி கேட்கும். டிஸ்கஸ் என்ற, சூடான தண்ணீர் கேட்கும் மீனின் தொட்டியில் கார்டினல் நிற்கும், நியான் நாளாக ஆக நலிந்துபோகும். நியானுக்கு அறிவியல் பெயர் வைத்தது 1936இல், கார்டினலுக்கு 1956இல். அதனால்தான் பழைய மீன் வளர்ப்பு நூல்களில் கார்டினலைப் பார்க்க முடியாது.

கேள்வி: காலையில் லைட் போட்டதும் என் நியான்கள் எல்லாம் சாம்பல் நிறத்தில் இருக்கின்றன. நோயா அண்ணா?

பதில்: இல்லை, பயப்படாதீர்கள். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. அந்த நீலப்பட்டையில் நீலச்சாயம் என்று எதுவுமே கிடையாது. தோலின் செல்களுக்குள் குவானின் என்ற பொருளாலான மெல்லிய படிகத் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளிதான் நீலமாகத் தெரிகிறது. ஜன்னல் மறைப்பின் பட்டைகளைச் சாய்ப்பதுபோல அந்தத் தகடுகளின் சாய்வும் இடைவெளியும் மாறும்போது நிறமும் மாறும். இருட்டில் பட்டை ஊதாவாக மங்கும், உடலும் வெளுக்கும். நாளைக் காலை லைட் போட்டுவிட்டு ஒரே மீனை மட்டும் கவனியுங்கள். மங்கிய ஊதா மெல்ல நீலமாகி, பச்சை கலந்த நீலத்துக்கு வந்து நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பகலெல்லாம் வெளுத்தே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

கேள்வி: நேற்றுத் தொட்டியும் 10 நியானும் வாங்கினேன். இன்று 4 செத்துவிட்டது. என்ன மருந்து ஊற்றுவது?

பதில்: மருந்து எதுவும் ஊற்றாதீர்கள். மீனின் கழிவிலிருந்தும் மிச்ச உணவிலிருந்தும் அம்மோனியா வரும், அது விஷம். ஃபில்டரில் வளரும் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றினால் நைட்ரேட் கட்டுக்குள் இருக்கும். இந்த இரண்டு வகையும் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். சைக்கிள் என்பது இதுதான். புதுத் தொட்டியில் இவை இல்லை.

இப்போது செய்ய வேண்டியது: குளோரின் நீக்கிய, அதே வெப்பநிலைத் தண்ணீரால் மூன்றில் ஒரு பங்கை இன்றே மாற்றுங்கள். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும் வரை தினமும் மாற்றுங்கள். உணவை ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு கிள்ளு மட்டும் போடுங்கள். ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள், குளோரின் அந்தப் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். புது மீன் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: தொட்டி வைத்து மூன்று நாள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. மீன் விடலாமா?

பதில்: விடக்கூடாது. அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது. மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

கேள்வி: தண்ணீரின் பிஎச் (அமில-கார அளவு) 7.6 இருக்கிறது. குறைக்கப் பொடி போடலாமா?

பதில்: வேண்டாம். பண்ணையில் பிறந்த நியான் 7.6இல் நன்றாகவே வாழும். தண்ணீரில் கார்பனேட் கடினத்தன்மை (பிஎச்சை மாறவிடாமல் பிடித்து வைக்கும் உப்புகள்) இருந்தால் பொடி போட்டதும் பிஎச் இறங்கும், கொஞ்ச நேரத்தில் பழையபடி ஏறும். அந்த ஏற்ற இறக்கம் நிலையான 7.6ஐவிடக் கெடுதல். குறைத்தே ஆக வேண்டும் என்றால் ஆர்ஓ தண்ணீரைக் கலந்து முதலில் கடினத்தன்மையைக் குறையுங்கள். பிறகு டிரிஃப்ட்வுட் (தொட்டியில் போடும் மரக்கட்டை), காய்ந்த வாதுமை இலை போடலாம். கடினத் தண்ணீரில் இலை மட்டும் போட்டால் நிறம்தான் மாறும், பிஎச் அசையாது.

கேள்வி: கார்டினலை ஆற்றிலிருந்து பிடித்து விற்கிறார்களாமே. அதை வாங்குவது பாவம் இல்லையா?

பதில்: நான் அப்படி நினைக்கவில்லை. பிரேசிலில் ரியோ நீக்ரோ கரையில் பார்செலோஸ் என்ற ஊர் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள குடும்பங்கள் தலைமுறையாகச் சிறு படகிலும் கைவலையிலும் கார்டினலைப் பிடித்து வாழ்கின்றன. மழைக்காலத்தில் ஆறு காட்டுக்குள் ஏறும், மீன்களும் மரங்களுக்கு இடையில் பரவும். யாரும் பிடிக்காவிட்டாலும் வெள்ளம் வடியும்போது அவை குட்டைகளில் சிக்கிப் பெரும் எண்ணிக்கையில் சாகும். அந்த மீனுக்கு விலை இருக்கும் வரை காட்டைக் காப்பது அவர்களுக்கே லாபம். விலை போய்விட்டால் மரம் வெட்டவோ சுரங்க வேலைக்கோ போக வேண்டியிருக்கும்.

கேள்வி: மேலே கேட்டவன்தான். பண்ணையிலேயே கார்டினல் பிறக்கும்போது காட்டு மீன் எதற்கு? வழியிலேயே எத்தனை சாகிறது!

பதில்: வழியில் சாவது உண்மை, அதை மறுக்கவில்லை. பட்டினியாகவே பல கை மாறி வரும் மீன் வயிறு ஒட்டித்தான் கடைக்கு வருகிறது. அதைச் சரிசெய்யச் சொல்லி நாம் கேட்க வேண்டும். வந்து இரண்டு வாரம் ஆன, வயிறு உருண்ட, கண்முன்னே உணவைத் தின்னும் மீனை மட்டும் வாங்கினால் விற்பவரும் மீனைத் தேற்றித்தான் விற்பார். ஆனால் பண்ணை மீனுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு காசுகூட அந்த ஆற்றங்கரைக்குப் போகாது. வேறு ஒருவர் நியானையும் இதில் சேர்த்துக் கேட்டிருந்தார். கடையில் கிடைக்கும் நியான் கிட்டத்தட்ட எல்லாமே பண்ணை மீன், இந்த வாதம் அதற்குப் பொருந்தாது.

கேள்வி: 80 லிட்டர், எட்டு மாதத் தொட்டி, நியான் 14. ஒன்று மட்டும் கூட்டத்தை விட்டுத் தனியாக நிற்கிறது. முதுகருகே வெள்ளையாக ஒரு திட்டு, உடல் லேசாக வளைந்திருக்கிறது.

பதில்: விவரத்தோடு கேட்டதற்கு நன்றி. உடனே அதைத் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். இரண்டு சாத்தியம் உண்டு. ஒன்று நியான் டெட்ரா நோய்: தசைக்குள் வளரும் நுண்ணுயிர் ஒட்டுண்ணி, மருந்து இல்லை. திட்டு தோலுக்கு உள்ளே தெரியும், மெதுவாகப் பரவும், முதுகு வளையும். இன்னொன்று காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோய்: வாயிலோ துடுப்பிலோ தோலின் மேல் பஞ்சுபோல் படியும், சில நாளில் கொல்லும், ஆரம்பத்திலேயே கவனித்தால் ஆன்டிபயாடிக் கேட்கும். நீங்கள் சொல்வது முதலாவதுபோல் இருக்கிறது. செத்த மீனை மற்றவை தின்றால் நோய் தொற்றும், எனவே தொட்டியில் விட்டுவைக்காதீர்கள். இனி வாங்கும் மீனை மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

கேள்வி: கோல்டு ஃபிஷ்ஷோடு நியான் விடலாமா?

பதில்: கூடாது. வாய்க்குள் போகும் அளவு மீனைக் கோல்டு ஃபிஷ் தின்றுவிடும்.

கேள்வி: தொட்டி வாங்கி ஒரு வாரம், 15 கார்டினல்...

பதில்: சைக்கிள். மூன்றாவது முறை எழுதுகிறேன். நான்காவது பதிலை முதலிலிருந்து படியுங்கள், தண்ணீரை இன்றே மாற்றுங்கள்.

கேள்வி: ரோஸ், நீல நிறத்தில் பிளாக் ஸ்கர்ட் பார்த்தேன். நிறம் நிற்குமா?

பதில்: சாயம் ஏற்றிய மீன் என்றால் சில மாதத்தில் வெளுத்துவிடும். ஊசியாலோ ரசாயனக் குளியலாலோ ஏற்றுகிறார்கள், அதில் சாகும் மீன் ஏராளம். தயவுசெய்து வாங்காதீர்கள். மரபணு மாற்றி ஒளிரச் செய்த வகை வேறு, அதன் நிறம் பிறவியிலேயே வருவது.

கேள்வி: கப்பி குட்டி போட்டால் எப்படிப் பிரிப்பது?

பதில்: கப்பி வளர்ப்பவர்களிடம் கேளுங்கள். இங்கே டெட்ரா மட்டும்.

கேள்வி: ஒரு வாரம் வெளியூர் போகிறேன். எம்பர் டெட்ரா 20 இருக்கிறது. உணவுக்கு என்ன செய்வது?

பதில்: நன்றாக வளர்ந்த மீன் ஒரு வாரம் உணவில்லாமல் தாங்கும். போவதற்கு இரண்டு நாள் முன் தண்ணீர் மாற்றி, லைட்டை டைமரில் போட்டுவிடுங்கள். யாரையாவது உணவு போடச் சொல்வதென்றால் டப்பாவை அவர் கையில் கொடுக்காதீர்கள். ஒருவேளைக்கான அளவைத் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, இரண்டு பொட்டலம் மட்டும் வைத்துவிட்டுப் போங்கள்.