முத்திரை கொடுக்கும் முன்: அமைப்புகளுக்கு அங்கீகாரம் தருவோர் கேட்கும் சட்டக் கேள்விகள்

கேள்வி: முதியோர் இல்லங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்திருக்கிறோம். தரமான இல்லங்களுக்குத் தரும் முத்திரையை டிரேட் மார்க்காகப் பதியலாமா?

பதில்: யார் பெயரில் பதிகிறீர்கள் என்பதில்தான் சிக்கல். தரத்துக்குச் சான்றாகத் தரும் முத்திரையைச் சட்டம் 'சான்றுக் குறி' என்கிறது. 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிகள் (டிரேட் மார்க்) சட்டத்தின் 70-வது பிரிவுப்படி, சான்று பெறும் அதே சேவையை நடத்துகிறவர் பெயரில் சான்றுக் குறியைப் பதிய முடியாது. கூட்டமைப்பே ஓர் இல்லம் நடத்தினால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். எந்த நிபந்தனையில் முத்திரை தருவீர்கள் என்ற விதிமுறைகளையும் பதிவகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். 'எங்கள் உறுப்பினர்' என்று காட்டினால் போதும் என்றால் கூட்டுக் குறியே, அதாவது ஒரு சங்கத்தின் உறுப்பினர்கள் பொதுவாகப் பயன்படுத்தும் டிரேட் மார்க்கே சரி.

கேள்வி: பெயரில் 'இந்திய அரசு அங்கீகார மையம்' என்று வரலாமா?

பதில்: கூடாது. அரசின் ஆதரவு இருப்பதாக நினைக்க வைக்கும் பெயர்களை 1950-ஆம் ஆண்டுச் சின்னங்கள், பெயர்கள் சட்டம் தடுக்கிறது.

கேள்வி: நாங்கள் முத்திரை கொடுத்த இல்லத்தில் ஏதாவது நடந்தால் எங்களையும் இழுப்பார்களா?

பதில்: இழுக்கலாம். பலர் இதை யோசிக்காமலே முத்திரையை அச்சடிப்பதுதான் எனக்குக் கவலை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விளம்பரத்தில் ஓர் அமைப்பின் முத்திரையைப் போடுவதும் பரிந்துரையாகக் கருதப்படலாம். விளம்பரம் தவறாக வழிநடத்தினால், பரிந்துரைத்தவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் வரலாம். மறுபடியும் நடந்தால் 50 லட்சம் வரை. ஆனால், விளம்பரம் சொல்வது உண்மைதானா என்று உரிய கவனத்தோடு சரிபார்த்திருந்தால் அபராதம் இல்லை. அதைக் காட்ட உங்களிடம் காகிதம் இருக்க வேண்டும்: யார் போனார், எந்தத் தேதியில், மருந்து அலமாரியைத் திறந்து பார்த்தாரா, இரவுப் பணியாளர் வருகைப் பதிவேட்டைக் கேட்டாரா. சான்றிதழில் 'பாதுகாப்பான இல்லம்' என்று எழுதாதீர்கள். 'இந்தத் தேதியில் இந்த அளவுகோல்களின்படி ஆய்வு செய்யப்பட்டது' என்று எழுதுங்கள்.

கேள்வி: அங்கீகாரத்தை ரத்து செய்தால் கோர்ட்டுக்குப் போவோம் என்கிறார் ஒருவர்.

பதில்: போகட்டும், உங்கள் கோப்பு சரியாக இருந்தால் போதும். முதலில் காரணம் சொல்லி நோட்டீஸ், பதில் சொல்ல அவகாசம், அப்புறம் எழுத்தில் முடிவு. மேல்முறையீட்டை ஆய்வுக்குப் போகாத வேறு ஆள் கேட்க வேண்டும். ரத்தானால் இத்தனை நாளுக்குள் பலகையைக் கழற்ற வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். கழற்ற மறுத்தால் தடை உத்தரவு கேட்க அது உதவும். உங்கள் இணையதளத்தில் 'அங்கீகாரம் இந்தத் தேதியுடன் முடிந்தது' என்பதோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் எழுதும் ஒவ்வொரு வரியும் அவதூறு வழக்குக்கு இடம் கொடுக்கலாம்.